சிறு கோடும் ஃபவுலர் பெருமகனாரும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

நம் கல்லூரி ஆண்டு மலரில் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கம். விடுதலை வீரர்களையும் விஞ்ஞானிகளையும் பற்றி என் மூத்த மாணவர்கள் நிறையவே எழுதிவிட்டனர். நான் எடுத்துக்கொண்டவர் படை நடத்தி வென்றவர் அல்லர். புதுப்பொருள் ஒன்றைக் கண்டறிந்தவரும் அல்லர். சொற்களைப் பொன்போல் எடைபோட்டுப் பார்த்தே 75 ஆண்டுகள் வாழ்ந்தவர். அவர் பெயர் தெரியாமலே அவருடைய உழைப்பை நம்மில் பலர் கையில் எடுத்திருக்கிறோம். ஆங்கில வகுப்புக்கு முன் நாம் நூலகத்தில் தேடி ஓடும் கன்சைஸ் ஆக்ஸ்போர்டு அகராதியை முதன்முதலில் தொகுத்த இருவருள் மூத்தவர் அவர். பெயர் ஹென்றி வாட்சன் ஃபவுலர்.

அவர் ஆராய்ந்த மொழிச் சிக்கல்கள் நூற்றுக்கணக்கானவை. அவற்றுள் ஒன்றைச் சுற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். இரண்டு சொற்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு சிறு கோடு அது. ஆங்கிலத்தில் ஹைபன் என்பர். ஒன்றன்கீழ் என்று பொருள்படும் கிரேக்கத் தொடரிலிருந்து பிறந்த சொல். இரு சொற்களை ஒரு கூரையின்கீழ்க் குடியமர்த்துவது அதன் தொழில். இணைப்புக்கோடு என்றே நான் எழுதுகிறேன்.

ஒரு கோட்டுக்காக ஒருவர் வரலாறா என்று நகைக்க வேண்டா. 'டென் ரூபி நோட்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒருவர் எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு சொற்களை இணைத்து, 'டென்-ரூபி நோட்ஸ்' என்று எழுதினால் அவை பத்து ரூபாய் நோட்டுகள். எத்தனை என்பது தெரியாது. பின்னிரண்டு சொற்களை இணைத்து, 'டென் ரூபி-நோட்ஸ்' என்று எழுதினாலோ ஒரு ரூபாய் நோட்டுகள் பத்து. மொத்தம் பத்தே ரூபாய். கோடு ஒரு சொல் தள்ளி விழுந்ததும் பணம் மாறிவிடுகிறது. காட்டில் மனிதரைத் தின்னும் புலியை 'மேன்-ஈட்டிங் டைகர்' என்பர். கோட்டை எடுத்துவிட்டால் புலியிறைச்சி தின்னும் மனிதனே எஞ்சி நிற்பான்!

தமிழ் படித்தவர்களுக்கு இது புதுமையன்று. தந்த பலகை என்றால் யாரோ கொடுத்த பலகை. தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. நடுவில் ஓர் ஒற்று செய்கிற வேலைதான் ஆங்கிலத்தில் இந்தக் கோடு செய்கிற வேலை. தொகைச் சொற்கள் விரியும்போது இரண்டு பொருள் முதல் ஏழு பொருள்வரை மயங்கக்கூடும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் கூறியிருப்பதைப் பத்தாம் வகுப்பிலோ மேல்வகுப்பிலோ படித்திருப்போம். சொல்லிலக்கணம் என்ற ஒரே தொடரை உரையாசிரியர்கள் ஏழு வகையாக விரித்துக் காட்டுவர். இந்த மயக்கத்தைத் தம் மொழியில் கண்டு கவலைப்பட்டவர்களுள் ஒருவரே ஃபவுலர்.

அவர் 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்து டன்பிரிட்ஜ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் இராபர்ட் ஃபவுலர், சமயகுரு; பள்ளியில் கணிதம் கற்பித்தவர். பிள்ளைகள் எண்மர், அவர்களில் மூத்தவர் ஹென்றி. ரக்பி பள்ளியில் பயின்று, ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே, 1879இல், தந்தையார் மறைந்தார். தம்பியரைப் பற்றிய பொறுப்பு இருபத்தொரு வயது இளைஞர் தலையில் விழுந்தது.

தேர்வுகளில் அவருக்கு இரண்டாம் வகுப்பே கிடைத்தது. 1881இல் கல்லூரியை விட்டு வெளியேறியபோது பட்டமும் கையில் இல்லை. சமயப் பாடத் தேர்வில் அவர் தேறவில்லை. நம் கல்லூரி வழக்கில் சொன்னால் ஒரு பேப்பர் அரியர்ஸ்! அதை முடித்துப் பட்டம் பெற 1886 ஆயிற்று. பிற்காலத்தில் ஆங்கிலேயர் எல்லாரும் எது சரி, எது தவறு என்று யாரைக் கேட்டார்களோ, அவருக்கே ஐந்தாண்டுக் காலம் ஒரு தாள் நிலுவையில் இருந்தது என்பதை என் வகுப்பு நண்பர்கள் சிலர் மிகுந்த ஆறுதலோடு கேட்டுக்கொண்டார்கள்.

1882 முதல் வட இங்கிலாந்தில் செட்பர் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். இலத்தீன், கிரேக்கம், ஆங்கிலம் கற்பித்தார். பதினேழு ஆண்டுகள் அமைதியாகச் சென்றன. பிறகு வந்தது சோதனை. விடுதித் தலைவராகும் வாய்ப்பு அவரை நெருங்கியது. பதவி உயர்வு, ஊதிய உயர்வு. ஆனால் விடுதித் தலைவர் தம் மாணவர்களைத் திருச்சபையில் உறுதிப்படுத்தும் சடங்குக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். ஃபவுலருக்கு அந்த நம்பிக்கை உள்ளத்தில் இல்லை. உள்ளத்தில் இல்லாததை மாணவர்க்குச் சொல்லித்தர அவர் உடன்படவில்லை. தலைமையாசிரியரும் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. 1899இல், தம் 41ஆம் வயதில், ஃபவுலர் பதவியிலிருந்து விலகினார்.

இங்கே ஒரு வேடிக்கை. 'ரிசைன்' என்றால் பதவி விலகுதல். அதே எழுத்துகளுக்கு நடுவே ஒரு கோட்டை இட்டு 'ரீ-சைன்' என்று எழுதினால் மீண்டும் கையெழுத்திட்டுப் பணியில் தொடர்தல். நாற்பத்தொரு வயதில் நிலையான வேலையை விட்ட ஒரு மனிதருக்கும், அதே வேலையில் ஒப்பமிட்டுத் தங்கிவிட்ட மனிதருக்கும் இடையே அந்த மொழியில் உள்ள வேறுபாடு ஒரு சிறு கோடுதான்.

இலண்டனுக்குச் சென்று கட்டுரைகள் எழுதிப் பிழைத்தார். தந்தையார் விட்டுச் சென்ற சிறு வருவாயும் இருந்தது. எழுத்தினால் செல்வமும் வரவில்லை, பெரும்புகழும் வரவில்லை. 1903இல் அவர் கர்ன்சி தீவுக்குக் குடிபெயர்ந்தார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலில் உள்ளது அத்தீவு. அங்கே அவருடைய தம்பி பிரான்சிஸ் தக்காளி பயிரிட்டு வாழ்ந்துவந்தார். அண்ணனும் தம்பியும் அருகருகே தனித்தனி வீட்டில் இருந்துகொண்டு ஒன்றாக எழுதத் தொடங்கினர். முதலில் லூசியன் என்ற பழைய கிரேக்க எழுத்தாளரின் நூல்களை மொழிபெயர்த்தனர். 1906இல் 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' வந்தது. செய்தித்தாள்களிலிருந்தும் புகழ்பெற்ற எழுத்தாளர் நூல்களிலிருந்தும் பிழைகளைப் பொறுக்கியெடுத்து, பெயரோடு அச்சிட்டு, ஏன் பிழை என்று விளக்கிய நூல் அது. ஒரு தக்காளித் தோட்டக்காரரும் வேலையை விட்ட ஒரு வாத்தியாரும் தீவில் உட்கார்ந்துகொண்டு தலைநகரத்துப் பெரிய எழுத்தாளர்களைத் திருத்தியிருக்கிறார்கள்! இந்தக் காட்சியை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஓர் உற்சாகம்.

சொன்ன சொல்லையே மீண்டும் சொல்லக்கூடாது என்று அஞ்சி, மாற்றுச் சொற்களைத் தேடித் தேடிப் போடும் பழக்கத்தை அந்நூலில் நன்றாகக் கிண்டல் செய்திருக்கிறார்கள். நம் மலரில் ஒரே பத்தியில் ஞாயிறு, கதிரவன், பகலவன், பரிதி என்று நான்கு சூரியன்கள் உதிப்பதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

1911இல் கன்சைஸ் அகராதி வெளிவந்தது. ஆக்ஸ்போர்டின் பேரகராதி அப்போது முடிவடையவில்லை. அது முழுமை பெற்றது 1928இல்தான். மூல நூல் முடியும் முன்பே அதன் சுருக்கத்தைச் செய்து முடித்த விந்தை இது. பேரகராதி எட்டாத கடைசி எழுத்துகளுக்குச் சகோதரர்கள் தாமே வழி கண்டனர். அகராதிக்காரருக்கு இணைப்புக்கோடு எத்தகைய தலைவலி என்பதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கூட்டுச் சொல்லையும் பிரித்து எழுதுவதா, கோடிட்டு எழுதுவதா, சேர்த்தே எழுதுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். அச்சகத்துக்கு அச்சகம் வழக்கம் வேறு. செய்தித்தாளுக்குச் செய்தித்தாள் வேறு.

இதற்கிடையே, 1908இல், தம் ஐம்பதாம் பிறந்தநாளன்றே ஜெஸ்ஸி மரியன் வில்ஸ் என்னும் அம்மையாரை மணந்தார். குழந்தைப்பேறு இல்லை, ஆயினும் மிக இனிய இல்வாழ்க்கை என்பர் வரலாறு எழுதியோர்.

முதல் உலகப்போர் மூண்டது. ஐம்பத்தாறு வயதைக் கடந்த ஃபவுலர் தம் வயதைக் குறைத்துச் சொல்லிப் படையில் சேர்ந்தார். செட்பரில் மனச்சான்றுக்காக வேலையை விட்டவர் இங்கே மனமறிந்து ஒரு பொய் சொன்னார். எனக்கு அவரை மனிதராகக் காட்டியது இந்த இடந்தான். தம்பியும் சேர்ந்தார். பிரான்சுக்கு அனுப்பப்பட்டபின், வயது முதிர்ந்தவர்களுக்குப் போர்முனை கிடைக்கவில்லை. நிலக்கரி சுமப்பதும் பாத்திரம் கழுவுவதுமே கிடைத்தன. இதற்காகவா வந்தோம் என்று மேலதிகாரிகளுக்கு மனு எழுதினார். 1916இல் உடல்நலக் குறைவால் இருவரும் விடுவிக்கப்பட்டனர். ஆனால் தம்பியைப் படைப்பணி விடவில்லை. அங்கே தொற்றிய காசநோயால் 1918இல் பிரான்சிஸ் மறைந்தார். இருவரும் சேர்ந்து திட்டமிட்டிருந்த பெருநூலை இனி ஒருவரே எழுத வேண்டியதாயிற்று.

அந்நூலுக்கு உழைத்துக்கொண்டிருந்த நாள்களில்தான் இணைப்புக்கோட்டைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். ஆங்கில மொழித் தூய்மைக்கென 1913இல் தொடங்கப்பெற்ற சங்கம் ஒன்று சிறு வெளியீடுகளை வெளியிட்டுவந்தது. அதன் ஆறாம் வெளியீடு 1921இல் ஃபவுலர் எழுதியது. அன்றாடச் செய்தித்தாள்களில் இணைப்புக்கோடும், 'ஷல்', 'வில்' முதலிய துணைவினைகளும் படும் பாட்டை அதில் எடுத்துக்காட்டினார். தாள் தாளாகப் பார்த்துப் பிழைகளைத் திரட்டும் பொறுமை நம் ஆய்வுக்கூடத்தில் துளித்துளியாகப் பியூரெட்டைத் திறப்பவரின் பொறுமைக்குக் குறைந்ததன்று.

அவர் கண்டவற்றை என் சொற்களில் சொல்கிறேன். இந்தத் துறையில் நிலவுவது பெருங்குழப்பம் என்பதை அவர் மறைக்கவில்லை. கோடு அழகுக்காக இடப்படுவதன்று. படிப்பவர் வழி தவறாமல் இருப்பதற்காக இடப்படுவது. எனவே தேவையில்லாத இடத்தில் கோடு இடுவதையும், தேவையான இடத்தில் விட்டுவிடுவதையும் ஒருங்கே கண்டித்தார். ஒலிக்கும்போது அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். கருமை நிறப் பறவை எதுவாயினும் 'பிளாக் பேர்டு'. இரண்டு சொல்லும் தனித்தனியே அழுத்தம் பெறும். ஆனால் ஒரு குறிப்பிட்ட பறவையினத்தைச் சொல்லும்போது அழுத்தம் முதற்சொல்லில் மட்டும் விழும். அங்கே இரண்டும் ஒரே சொல்லாகிவிட்டன.

பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் அடைமொழிதான் பெரும்பாலும் நம்மை மயக்குவது. புகழ்பெற்றவர் ஒருவரைக் குறிக்க 'வெல்-நோன்' என்று பெயருக்கு முன்னே எழுதினால் கோடு வேண்டும். அவர் புகழ்பெற்றவர் என்று பயனிலையாகப் பின்னே வந்தால் வேண்டா. பின்னே வரும்போது மயங்க அடுத்த சொல் எதுவும் இல்லை அல்லவா! இதே காரணத்தால்தான் 'நியூலி' என்பதுபோல 'லி' என முடியும் வினையடைக்குப்பின் கோடு வேண்டியதில்லை என்று இன்றைய நடைநூல்கள் சொல்கின்றன. அது அடுத்த சொல்லைத் தவிர வேறெதையும் பற்ற முடியாது. காரணம் விளங்கிவிட்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கோட்டைத் தவறான இடத்தில் இடுவோர்க்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று எங்கள் விடுதி அறையில் நெடுநாள் சிரிப்பை மூட்டியது. வேண்டாத முடியை நீக்கும் மருந்துக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள். முடி, நீக்கி என்னும் பின்னிரு சொற்களையும் கோட்டால் கட்டிவிட்டால், வேண்டாதது முடியன்று. அந்த மருந்தே யாருக்கும் வேண்டாததாகிவிடும்! முன்னிரண்டைக் கட்டியிருக்க வேண்டும்.

இதை நான் சிரிப்போடு விட்டுவிட முடியவில்லை. என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. இங்கே வேதியியல் முழுவதும் ஆங்கிலத்தில். அறிவியல் ஆங்கிலமோ பெயருக்குமேல் பெயராக அடுக்கிக்கொண்டே போகும். நடுவில் உருபு இராது. 'ஹெவி மெட்டல் கன்டெய்னர்' என்று ஒரு பட்டியலில் இருந்தால் அது கனமான உலோகக் கலமா, அல்லது காரீயம், பாதரசம் போன்ற கன உலோகங்களை இட்டு வைக்கும் கலமா? முன்னிரு சொற்களுக்கு இடையே கோடு இருந்தால் பின்னது என்று ஐயமின்றித் தெரியும். முதற்கலத்தைக் கழுவிக் கவிழ்க்கலாம். இரண்டாவதைத் தொடுமுன் ஆசிரியரைக் கேட்க வேண்டும். 'டுவென்டி ஃபைவ் கிராம் பாக்கெட்ஸ்' என்று கோடில்லாமல் எழுதினால் மூன்று பொருள். ஐந்து கிராம் பொட்டலங்கள் இருபது என்றால் மொத்தம் 100 கிராம். ஒரு கிராம் பொட்டலங்கள் இருபத்தைந்து என்றால் மொத்தம் 25 கிராம். இருபத்தைந்து கிராம் பொட்டலங்கள் என்றால் எத்தனை என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். நிறுத்தெடுக்கும் தராசு எவ்வளவு நுட்பமாயிருந்தும் பயன் என்ன?

ஆங்கில நூலில் ஒரு வரி புரியாதபோது குறை நம்மிடந்தான் என்று தலைகுனிந்துகொள்வது எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளின் இயல்பு. ஆங்கிலம் வீட்டில் புழங்கும் தோழர்கள் ஏதோ பிறவியிலேயே அறிந்துகொண்ட இரகசியம் நமக்கு மட்டும் தெரியவில்லை என்று தோன்றும். ஃபவுலர் எழுதியதைப் படித்தபோது, ஆங்கிலேயரே இதில் இடறுகிறார்கள், செய்தித்தாள் ஆசிரியர்களும் இடறுகிறார்கள் என்று கண்டேன். புரியாத வரிகளில் ஒரு பாதிக்குக் காரணம் கோட்டை விட்டவர்! இப்போது அடுக்குத் தொடர் வந்தால் பென்சிலால் எங்கே கோடு விழ வேண்டும் என்று குறித்துக்கொண்டு மேலே படிக்கிறேன். சொந்தப் புத்தகத்தில்தான், நூலகப் புத்தகத்தில் அன்று என்பதை நூலகர் ஐயா கவனிக்க வேண்டும்.

தம்பியோடு திட்டமிட்ட பெருநூல் 1926இல் 'எ டிக்ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலீஷ் யூஸேஜ்' என்ற பெயரில் வெளிவந்தது. எட்டாண்டுகளுக்கு முன் மறைந்த தம்பிக்கே அதைக் காணிக்கையாக்கினார். அகர வரிசையில் அமைந்த அந்நூலில் இணைப்புக்கோட்டுக்கு நீண்ட கட்டுரை உண்டு. இன்று, நாளை என்பவற்றுக்கான 'டுடே', 'டுமாரோ' என்ற ஆங்கிலச் சொற்களை அக்காலத்தில் நடுவே கோடிட்டே அச்சிட்டனர். அந்தக் கோடு ஒலிக்கவும் உதவவில்லை, பொருளைப் பிரிக்கவும் உதவவில்லை என்று காட்டி, வெறும் பழமைப் பற்று என ஒதுக்கினார். பின்னாளில் அது மறைந்தே போயிற்று.

குறையும் சொல்ல வேண்டும். ஃபவுலரின் நடை எளிதன்று. தெளிவைக் கற்பிக்கும் நூலில் சில வாக்கியங்களை நான் நான்கு முறை படிக்க நேர்ந்தது. படிப்பவர்க்கு இலத்தீன் தெரியும் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறார். கட்டுரைத் தலைப்புகளிலோ குறும்பு மிகுதி. தேய்ந்துபோன அலங்காரத் தொடர்களை நசுங்கிய நகைகள் என்ற பொருள்படும் தலைப்பில் பட்டியலிடுகிறார். நான் கட்டுரைப் போட்டிக்கு எழுதியவற்றில் அத்தகைய நகைகள் குறைந்தது ஒரு பெட்டி தேறும்.

1925இல் அவர் மனைவியோடு சோமர்செட் மாவட்டத்து ஹின்டன் செயின்ட் ஜார்ஜ் என்னும் சிற்றூரில் குடியேறியிருந்தார். நூல் வெளிவந்த ஆண்டில் அவருக்கு வயது 68. வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளுங்கள், ஊதியத்தை நாங்கள் தருகிறோம் என்று ஆக்ஸ்போர்டு அச்சகத்தார் அன்போடு கேட்டனர். அவர் மறுத்துவிட்டார். காலையில் அரை மணி நேரத்துக்குள் இரண்டு மைல் ஓடி, பக்கத்து வீட்டார் குளத்தில் நீந்திவிட்டு வருகிறவருக்கு ஆள் எதற்கு? காலை ஓட்டமும் நீச்சலும் அவர் நெடுங்காலம் விடாமல் காத்துவந்த பழக்கங்கள்.

1930இல் ஜெஸ்ஸி அம்மையார் காலமானார். அதன்பின் மூன்றாண்டுகள். 1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் ஃபவுலர் தம் சிற்றூரிலேயே உயிர்நீத்தார்.

அவருடைய பெருநூலைச் சர் எர்னஸ்ட் கவர்ஸ் 1965இல் திருத்திப் பதிப்பித்தார். 1996இலும் 2015இலும் மேலும் இரு பதிப்புகள் வேறு அறிஞர்களால் வந்தன. நம் நூலகத்தில் உள்ளது 1965ஆம் ஆண்டுப் பதிப்பு. முதுகு பிரிந்து, நூலால் தைக்கப்பட்டு, ஆங்கிலத் துறை அடுக்கின் மேல்தட்டில் இருக்கிறது. எட்டவில்லை என்றால் முக்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

2007இல் ஷார்ட்டர் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு வந்தபோது ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து இணைப்புக்கோட்டை நீக்கிவிட்டார்கள். 'ஐஸ் கிரீம்' கோட்டை இழந்து இரண்டு சொல்லாயிற்று. 'பம்பிள்பீ' கோட்டை இழந்து ஒரே சொல்லாயிற்று. ஃபவுலர் இருந்திருந்தால் இதற்காகக் கண்ணீர் விட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஐஸ் கிரீமைக் கோடில்லாமல் எழுதினால் யாரும் வேறொன்றை வாங்கிவிடப் போவதில்லை. பத்து ரூபாய் நோட்டுக்கும் கன உலோகக் கலத்துக்கும் உரிய கோடுகள் அந்த 16,000த்தில் சேர்ந்தவை அல்ல. அவை அகராதியில் நிலையாக இருப்பவையும் அல்ல. எழுதும்போது எழுதுகிறவர் இட வேண்டியவை.